பொய்க்குக் கட்டிய வேப்பிலை

என் அக்காவைக் கொன்றது ஒரு மாத்திரை. அதை வேளை தவறாமல் அவள் வாயில் போட்டவள் என் அம்மா. ஆனால் எங்கள் வீட்டில் அத்தனை வருடமும் அந்தப் பழி என் தலையில்தான் இருந்தது. கொலைகாரி என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. "வாயால கொன்னவ" என்பாள். அவ்வளவு மரியாதை எனக்கு உண்டு.

அப்பாவுக்கு ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. ரைட்டர் வீடு என்பது கூலியாட்கள் இருக்கும் லைன் வீடுகளுக்குக் கொஞ்சம் மேலேயும் பங்களாவுக்கு மிகவும் கீழேயும் இருக்கும். எங்கள் மதிப்பும் அப்படித்தான். லைனில் இருந்தவர்கள் எங்களை வாங்க, போங்க என்பார்கள். பங்களாவில் அப்பாவை "யோவ் ரைட்டர்" என்று கூப்பிடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அம்மா மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். காப்பாற்ற வேறு சொத்து எதுவும் இல்லாததால் அந்த ஒன்றை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாள்.

அக்கா என்னைவிட நான்கு வயது பெரியவள். அழகி. அது அவளுக்கு நன்றாகவே தெரியும் என்பதால் எனக்கும் அவளுக்கும் ஆகாது. மாதா கோவில் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்பாள். நான் பின்னால் நின்று அவள் பின்னலை இழுப்பேன். அவளுடைய பெரிய ஆசை என்ன தெரியுமா? துவைத்த துணி அன்றைக்கே காய்கிற ஊரில் வாழவேண்டும் என்பது. எங்கள் ஊர் மூட்டத்தில் உள்பாவாடை மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். "அடுப்புக்கு மேல காயப்போட்டுப் பொகை நாத்தத்தோட போட்டுக்கிட்டு, இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்பாள்.

அவளுக்கு வரன் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். மாப்பிள்ளை மிஷன் பள்ளி வாத்தியார். வீடு மலையடிவாரத்தில், குப்பனூரில். எங்களைப் போலவே வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எங்களைவிடக் கொஞ்சம் வசதி. அவர் பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தபோது முழுக்கைச் சட்டையின் மடிப்புக் கத்தி மாதிரி நின்றது. வெயில் அடிக்கிற ஊரில்தான் அப்படி இஸ்திரி நிற்கும் என்று அக்கா என் காதில் சொன்னாள். அன்றிலிருந்து அவள் அந்த ஊர்க்காரியாகிவிட்டாள். நிச்சயம் முடிந்தது. தவக்காலம் பிறந்துவிட்டால் கோவிலில் கல்யாணம் கிடையாது என்பதால், சாம்பல் புதனுக்கு முன்னால் முடித்துவிடுவது என்று பேச்சு.

மார்கழியில் காப்பிப் பழம் எடுக்கிற மும்முரத்தில் அக்கா அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனாள். பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் ஷெட்டுக்குள் நுழைந்தவள் ஈரத் தரையில் விழுந்து கை கால் வெட்டி இழுத்தாள். வாயில் நுரை. ஷெட்டில் வேலை செய்த ஒரு பெண்பிள்ளை சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் திணித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட ஓடினாள். அம்மா வந்து பார்த்துவிட்டு முதலில் செய்த காரியம், அக்காவின் முந்தானையைச் சரிசெய்தது. இரண்டாவது, அந்தப் பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டது.

"பசி மயக்கமுங்க. காலையில ஒண்ணும் தின்னுல. வெளிய சொல்லிக்காதீங்க சாமி, கல்யாணம் வெச்சிருக்கிற புள்ள."

அடுத்தமுறை வீட்டிலேயே வந்தது. பசி மயக்கம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ள முடியாது. அப்பா அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போய், எங்கள் சொந்தக்காரர் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு தெருவில் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மாத்திரை கொடுத்து, "ஒரு வேளைகூட விடக்கூடாது. நீங்களா நிறுத்தினா விடாம வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து" என்றாராம். தப்பான பேச்சு இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அதுதான் சரி. ஆனால் அந்த நூறாவது ஆளுக்கு என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

அம்மா அந்தப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மாத்திரையை ஜெபமாலை வைக்கிற தகர டப்பாவில் ஒளித்துவைத்தாள். யாருடைய கையும் அதற்குள் போகாது. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அக்கா வாயைத் திறப்பாள், அம்மா மாத்திரையைப் போடுவாள். பார்க்கிறவர்களுக்கு நற்கருணை வாங்குவது போல இருக்கும். வலிப்பும் நின்றுவிட்டது. அக்காவின் முகத்தில் சிரிப்பு திரும்பியது. அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்.

எங்கள் கோவில் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை படிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று சாமியார் சபையின் முன்னால் கேட்பார். யாரும் எதுவும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் பெண் வீட்டுக்காரர்கள் அந்த மூன்று வாரமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் ஓலை படித்தார்கள். இரண்டாவதும் படித்தார்கள். அந்த வாரமே அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது.

சும்மா குளிர்காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். எஸ்டேட் கம்பவுண்டர் கொடுத்த தண்ணி மருந்தில் அது அசையவில்லை. கழுத்திலும் கக்கத்திலும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள் எழும்பின. பிறகு முகம் வீங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தபோது அவள் கண் இரண்டும் வெறும் கீறலாக இருந்தன. நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, சாயங்காலத்துக்குள் கை கால் எல்லாம் பரவிவிட்டது. அவள் கண்ணாடி கேட்டாள். நான் கொடுக்கவில்லை. எட்டித் தானே எடுத்துப் பார்த்துக்கொண்டு, "நா எங்கடி போனேன்?" என்று கேட்டாள்.

தண்ணீர் கொண்டுவந்த லைன்காரப் பெண்பிள்ளை வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வாத்திருக்கறாங்க ரைட்டரம்மா."

அது அம்மை இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கு அம்மை போட்டபோது பார்த்தவள் அவள். கொப்புளம் இல்லை, நீர் கோக்கவில்லை. ஆனால் அந்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா ரவிக்கைக்கு அளவு எடுக்க மேலே வருவதாக இருந்தது. வந்தால் உள்ளே வருவாள். பெண்ணின் முகத்தைப் பார்ப்பாள். என்ன சீக்கு, என்ன மருந்து என்று கேள்விமேல் கேள்வி கேட்பாள். பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அம்மா யோசித்தாள். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வேதக்கார வீட்டின் நிலைப்படியில் வேப்பிலை கட்டினாள்.

இலை எங்கள் மலையில் கிடைக்காது, அந்தக் குளிரில் வேம்பு தழைக்காது. கீழே போய்வந்த பஸ் டிரைவரிடம் சொல்லி வரவழைத்தார்கள். சம்பந்தி ஊரான குப்பனூரிலிருந்தே ஒரு கட்டு வந்து, ஏற்காட்டில் பஸ் நிற்கிற ஒண்டிக்கடையில் இறங்கியது. அப்பா அதைத் துண்டில் மூடி எடுத்துவந்தார். சாமியார் பார்த்தால் திட்டுவாரே என்று அவர் முனகினார்.

"சாமியார் திட்டுனா பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாமுங்க. சம்பந்தி பாத்துட்டா என்ன பண்றது?" என்றாள் அம்மா.

அந்த இலை நன்றாகவே வேலை செய்தது. மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். படலுக்கு அந்தப் பக்கம் நின்றே இலையைப் பார்த்தாள். அவளும் வேதக்காரிதான், ஆனால் மாரியாத்தாளிடம் யாராவது வம்பு வைத்துக்கொள்வார்களா? "தலைக்குத் தண்ணி ஊத்தினதுக்கப்பறம் வரனுங்க" என்று சொல்லித் திரும்பிவிட்டாள். லைன்காரர்கள் இளநீர் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் தாளிக்கவில்லை. சண்டை போடவில்லை. ஊரே எங்கள் பொய்க்கு மரியாதை செய்தது.

அவர்கள் சொன்ன புத்திமதியில் ஒன்று இப்போதும் என் காதில் கேட்கிறது. "ரைட்டரம்மா, மருந்து மாத்தர எதும் ஊட்டுக்குள்ள கொண்டாந்துராதீங்க. ஆத்தா போற வரைக்கும் ஒண்ணும் குடுக்கக் கூடாதுங்க. ஆவாதுங்க."

அம்மா "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினாள். கதவைச் சாத்தினாள். ஜெபமாலை டப்பாவைத் திறந்தாள்.

இதை நினைத்தால் எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். அம்மா நிஜமாகவே அது அம்மை என்று நம்பியிருந்தால் அன்றோடு மாத்திரையை நிறுத்தியிருப்பாள். லைன் வீட்டில் ஒரு பெண்ணுக்கு இது வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். நம்புகிறவர்கள் வீட்டில் பிழைத்திருக்கக்கூடிய பிள்ளை, நடிக்கிற எங்கள் வீட்டில் பிறந்து தொலைத்தாள்.

அக்கா மாத்திரை வேண்டாம் என்றாள். முதலில் மெதுவாகச் சொன்னாள். "உள்ள எரியுதும்மா. அதத் தின்னாத்தான் எரியுது." பிறகு பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் உதடு வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அம்மா அவள் மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் மாத்திரையைப் போட்டு, இளநீரை ஊற்றினாள். ஊற்றும்போது அழுதாள். "இன்னும் கொஞ்ச நாளுக்குத்தான் கண்ணு. தாலி ஏறட்டும், அப்பறம் உன் இஷ்டம்." காய்ச்சலில் அவள் உடம்பு நடுங்கியது. அது வலிப்பின் தொடக்கம் என்று பயந்து, அன்று ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள். அம்மா கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாவது ஓலைக்கு அப்பாவும் நானும் மட்டும் பூசைக்குப் போனோம். தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று சாமியார் கேட்டார். அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நான் ஏதோ எழுந்து கத்தப்போகிறவள் மாதிரி. கேட்ட தடை அந்த நேரம் என் அக்காவின் ஈரலில் இருந்தது. அது அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. பூசை முடிந்து வாசலில் ஆளாளுக்கு அப்பாவுக்குக் கைகொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அக்காவின் கண் மஞ்சளாக இருந்தது. வீங்கிய இமைக்குள் அந்த மஞ்சள் தெரிந்ததும்தான் அம்மா முதல்முறையாகப் பயந்தாள். குடித்த தண்ணீர் வாந்தியாக வந்தது. சிறுநீர் காப்பித் தண்ணி நிறத்தில் போனது. தோல் சருகு போல உரிந்து பாயில் கிடந்தது. அப்பா ஓடிப்போய் எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு வாங்கினார். வளைவுக்கு வளைவு அவள் என் மடியில் உருண்டாள். கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. அவள் கேட்ட வெயில்தான். அதில் கண்ணைத் திறக்க முடியாமல் என் புடவையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு அம்மா சொன்னாள். "அம்மை வந்து எறங்குச்சுங்க. அப்பறம் காமாலையாயிருச்சுங்க."

"வேற ஏதாச்சும் மருந்து சாப்பிட்டாங்களா?"

"இல்லீங்க."

டப்பா அவள் இடுப்பில் இருந்தது. வார்டிலும் மாத்திரை நிற்கவில்லை. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் அம்மா அதை நசுக்கி இளநீரில் கலந்து கொடுத்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். "வலிப்பு வந்து ஆஸ்பத்திரியே பாக்கட்டும்ங்கிறியா?" என்று பல்லைக் கடித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா பார்க்க வந்தாள். அம்மை இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டுத் தைரியமாக வந்தவள். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. ஆரஞ்சு விளைகிற ஏற்காட்டுக்காரர்களுக்கே ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அக்காவின் கையைத் தொட்டு, "சரியாயிரும் கண்ணு. நாளு வேணா தள்ளி வெச்சுக்கலாம்" என்றாள். அக்கா சிரிக்கப் பார்த்தாள். அவள் முகத்தில் அது சிரிப்பாக வரவில்லை, ஆனால் சிரிக்கத்தான் பார்த்தாள்.

அந்த நேரத்தில் டாக்டர் வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இது அம்மை மாதிரியே இல்லையேம்மா. ஈரல் கெட்டுப்போயிருக்கு, கிட்னியும் சரியில்ல. நாட்டு மருந்து, மாத்திரை, ஏதோ ஒண்ணு உள்ள போயிருக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லீங்க" என்றாள் அம்மா. மாதா மேல் சத்தியம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

நான் சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன். "வலிப்பு மாத்திரை சாப்பிடறாங்க டாக்டர். அம்மா இடுப்புல இருக்குது."

வார்டு அமைதியாகவெல்லாம் ஆகவில்லை. யாரோ குழந்தை அழுதது, யாரோ இருமினார்கள். டாக்டர் கையை நீட்டினார். அம்மா டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது ஜெபமாலையும் சேர்ந்து வந்து தரையில் விழுந்தது. அவர் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஒத்துக்கலையோ என்னமோ" என்றார். அவர் மண்டையில் ஏதோ தட்டியிருக்கிறது. "படிச்ச ஊட்டுல இப்படியா மறைப்பாங்க?" என்று அம்மாவைத் திட்டிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். கத்தவில்லை. அந்த ஊர் மரியாதை எதுவும் குறையவில்லை. "ஏனுங்க, இத எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு உங்களுக்குத் தோணலீங்களா? ஆத்தாள வாசல்ல கட்டி எங்கள ஏமாத்திப்போட்டீங்களே. நொம்ப நல்லா இருக்குதுங்க. இனி அந்தப் பேச்சு வேண்டாமுங்க." போகும்போது ஆரஞ்சுப் பையையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்தேன், தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து.

"ஏன்டி சொன்ன?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிவரை அம்மாவின் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள், மூக்கைப் பிடித்த அதே கையை.

டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். காய்ச்சல் இறங்கியது. ஒருநாள் காலையில் அக்கா கஞ்சி குடித்தாள். நான் வராந்தாவில் நின்று சத்தம் வராமல் அழுதேன், சொன்னது நல்லதாகப் போயிற்று என்று. ஆனால் வலிப்புக்காரியை மருந்தே இல்லாமல் விடமுடியாது என்று அவர் வேறொரு வலிப்பு மாத்திரையைத் தொடங்கியிருந்தார். பெயர் வேறு, நிறம் வேறு. அது முதல் மாத்திரைக்குக் கூடப்பிறந்தது மாதிரி, ஒன்றை ஏற்காத உடம்பு மற்றதையும் ஏற்காமல் போகும் என்று அந்த ஆஸ்பத்திரியில் அன்று யாருக்கும் தெரியவில்லை. கஞ்சி குடித்த மறுநாளே முகம் மீண்டும் வீங்கியது. இந்தமுறை எதுவும் நிதானமாக வரவில்லை. ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், பிறகு ஆள் தெரியாத பிதற்றல். பிதற்றலில் கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று கேட்டாள். அதோடு முடிந்தது.

மலைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். மண் போடும்போது அம்மா ஊர் கேட்கச் சொன்னாள். "ஆசப்பட்ட எடத்துக்குப் போவ முடியலன்னு மனசொடஞ்சு செத்தா எம் புள்ள. இவ வாயத் தொறந்தா, அவ கண்ண மூடிட்டா." கேட்டவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கஞ்சி குடித்துத் தேறியவள், கல்யாணம் நின்ற துக்கத்தில்தான் போனாள் என்று எல்லாருக்கும் கணக்குச் சரியாக வந்தது. டாக்டர் காமாலை என்று சொல்லி முடித்துக்கொண்டார். மாத்திரையைக் குறை சொல்லி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லப்போனால் அம்மாவுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. "கடசி வரைக்கும் ஒருக்காகூட வலிப்பு வரலீங்க. அந்த மட்டுக்கும் பாத்துக்கிட்டேன்" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வலிப்புக் குடும்பம் என்று செய்தி மலையிலும் அடிவாரத்திலும் பரவியது. எனக்கு வரன் வரவில்லை. வந்தாலும் அம்மா "அக்கா வாழ்வக் கெடுத்தவளுக்கு என்ன கல்யாணம்?" என்றிருப்பாள். நான் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் வார்டன் வேலைக்குப் போனேன். அப்பா வேலை ஓய்ந்து மலையிலேயே கரடியூரில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய், அங்கேயே இறந்தார். வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு நான் அம்மாவோடு போவேன். அக்கா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற என்னை விடமாட்டாள். அப்பாவுடையதில் ஏற்றலாம். நானும் ஏற்றிவிட்டுத் தள்ளி நிற்பேன். சில ராத்திரி நானே நம்பினேன், என் வாய்தான் அவளைக் கொன்றது என்று. ஊரும் வீடும் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி இல்லை இல்லை என்று நிற்பாள்?

தொண்ணூறுகளில் விடுதியில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்து, அவளுடைய அப்பா அம்மா கீழே ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சில வாரம் கழித்துக் காய்ச்சல். ஒருநாள் காலையில் வரிசையில் நின்ற அவளைப் பார்த்தேன். கண் இரண்டும் கீறலாக இருந்தன. அவள் கையிலிருந்த மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு, சட்டை மாற்றக்கூட விடாமல் சேலத்து பஸ்ஸில் ஏற்றினேன். இந்தமுறை டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே மாத்திரையை மேசையில் வைத்தேன்.

அவர் உடனே நிறுத்தினார். வேறு இனத்து மருந்து கொடுத்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஈரலைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது, இன்னும் சில வேளை மாத்திரை உள்ளே போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டார். நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். காய்ச்சல், கட்டி, வீக்கம், தோல், காமாலை, கஞ்சி குடித்த காலை, இரண்டாவது மாத்திரை. முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். அபூர்வமாகச் சில பேர் உடம்புக்கு இந்த மருந்து விஷமாகிவிடும், வெளியே தோலில் தெரிவதைவிட உள்ளே ஈரலிலும் சிறுநீரகத்திலும் செய்வதுதான் அதிகம், ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்கும் வரலாம், நீங்கள் ஜாக்கிரதை என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கல்யாணம் நின்ற துக்கத்தில் ஒரு பெண்ணின் ஈரல் கெடுமா?

"கெடாதும்மா."

"மொதல்லயே மாத்திரைய நிறுத்தியிருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாது. நிறுத்தின பிறகும் சில பேரு தப்பறதில்ல. பொழச்சிருக்கலாம்."

விடுதிக்குத் திரும்பவில்லை. ஒண்டிக்கடையில் இறங்கி நேராகக் கரடியூருக்குப் போனேன். அம்மா வாசலில் சாக்கை விரித்துக் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன திடீர்னு?" என்றாள், நிமிராமல்.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. கல்யாணமும் இல்லை, என் வாயும் இல்லை, மாத்திரை என்றேன்.

அம்மாவின் கை கொட்டைமேல் நின்றது. "டாக்டர் குடுத்த மாத்தர கண்ணு அது."

"ஆமாம்மா."

"நா ஒரு வேள தவறலயே."

"ஆமா. தவறல."

ஒரு சொத்தைக் கொட்டையைப் பொறுக்கித் தள்ளிப் போட்டாள். பிறகு கேட்டாள். "அவ வேண்டாம் வேண்டாம்னா. அன்னிக்கே நிறுத்தியிருந்தா பொழச்சிருப்பாளா?"

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அக்கா போனதிலிருந்து அவள் என்னை அப்படி நேராகப் பார்த்ததே இல்லை. ஏதாவது ஒரு சந்தேகம், ஏதாவது ஒரு 'ஒருவேளை' என் வாயிலிருந்து வராதா என்று கெஞ்சுகிற பார்வை. டாக்டர் அந்தச் சந்தேகத்தைக் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார். என்னிடம் இருந்தது. எனக்கு அதை யாரும் எந்த வருடமும் தந்ததில்லை.

"பொழச்சிருப்பா" என்றேன்.